பாறை நிறப் புடவை

கடுக்காய்ச் சாற்றில் இரும்புத் துரு நீரை ஊற்றிக் கொதிக்கவைக்கும்போது எழும் வாசனையை உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ, எனக்குத் தெரியாது. மூக்குக்கு முன்னால் நாக்குக்குத்தான் அது முதலில் எட்டும். நாக்கின் அடியில் துவர்ப்பு ஊறி, பல் கூசி, தொண்டை வறண்டுபோகும். எனக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது எங்கள் வீட்டுப் பின்புறத்தில், நெல் அவிக்கிற பெரிய அண்டாவில், பட்டப்பகலில் அந்த வாசனை எழுந்தது. அண்டாவுக்குள் என் அம்மாவின் வெள்ளைப் புடவை கிடந்தது. அதை வேப்பங்குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தவள் நான். ஊரில் அது பெரிய குற்றமாகப் பேசப்பட்டது என்பதால் என் பங்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை வயல் வரப்பிலேயே வந்து நிற்கிற இடத்தில் இருக்கிறது. என் அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர்; வெடிக்காமல் போன ஒரு வெடியைப் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியவர் ஏறி வரவில்லை. அப்போது அம்மாவுக்கு முப்பது வயது. பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி அவளுக்கு இரண்டு வெள்ளைப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒன்று அவள் உடம்பில் இருக்கும், ஒன்று கொடியில் காயும். வயலில் நாற்று நட்டாலும், எருக்குழி அள்ளினாலும் வெள்ளைதான். செம்மண் பூமியில் வெள்ளைப் புடவை கட்டி வேலை செய்கிறவள் நாள்தோறும் துவைத்தே சாக வேண்டும் என்று, அந்த இரண்டு புடவையை எடுத்துக் கொடுத்த யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் தீயாகப் பிடித்தது. ஆவணி கடைசியில் சாலை மறியல் என்றார்கள். கோடாலியும் ரம்பமுமாக ஆண்கள் கிளம்பிப் போய் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் வண்டி ஒன்றுகூட நகரவில்லை என்றார்கள், கள்ளக்குறிச்சிக்கு வரும் பேருந்தும் நின்றது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எங்கள் ஊர் ஆண்களுக்கு முன்னால் நின்றவர் என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். நல்ல உயரம், நல்ல குரல். "கேக்காம எதுவும் கெடைக்காது, குனிஞ்சவன் முதுவுலதான் சவாரி பண்ணுவான்" என்று அவர் கோயில் மேடையில் நின்று பேசியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மறியலுக்குப் போனவர்களுக்கு அம்மாவும் ஒரு பானை கூழ் கரைத்துக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு போலீஸ் வந்தது. வீடு வீடாகப் புகுந்து ஆண்களைத் தேடியது. மீசை முளைத்தவர்கள் எல்லாரும் மலைக்கு ஓடினார்கள். ஊரில் பெண்களும் பிள்ளைகளும் நடக்க முடியாத கிழவர்களும்தான் மிச்சம். காவலுக்கு ஆளில்லாமல் மேட்டுநிலக் கொல்லைகள் கிடந்ததை ஊருக்கு முன்னால் காட்டுப்பன்றிகள் தெரிந்துகொண்டன.

எங்களுக்கு இருந்தது மலையை ஒட்டி முக்கால் ஏக்கர். அதில் மரவள்ளி போட்டிருந்தோம். கிழங்கு இறங்குகிற பருவம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டு வரிசை செடி தலைகீழாகக் கிடந்தது. ஏர் உழுத மாதிரி மண் புரண்டிருந்தது. மறுநாள் இன்னும் மூன்று வரிசை. தகர டப்பா தட்டினோம். பொழுது இறங்கும்போது சுள்ளி கொளுத்தி வைத்தோம். மழை வந்து தீயை அணைத்தது, பன்றி வந்து கிழங்கைத் தின்றது. அம்மா ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற வரிசைகளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து அப்பாவின் ஈட்டியையும் பன்றி வலையையும் இறக்கினாள்.

வேட்டை சட்டப்படி குற்றம், அன்றைக்கும் குற்றம்தான். அதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. அந்த முக்கால் ஏக்கர் போனால் எங்களுக்கு அந்த வருடம் சோறில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

துணைக்கு வந்தவள் பொன்னம்மா. மலைமேல் ஊர்க்காரி, கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுவந்து எங்கள் ஊரில் கொடுத்துவிட்டு உப்பும் மிளகாயும் வாங்கிப்போகிறவள். அவளிடம் இரண்டு நாய்கள் இருந்தன. அப்பாவோடு வேட்டைக்குப் போன கூட்டத்தில் அவள் புருஷனும் ஒருவர். அதனால் எங்கே வலை கட்ட வேண்டும், காற்று எந்தப் பக்கம் வீசினால் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கும் அம்மாவுக்கும் கேட்டுக் கேட்டே பழக்கம்.

பன்றிகள் விடியற்காலையில் கொல்லையை விட்டு ஓடை வழியாக மலை ஏறும். ஓடையின் குறுகலில் வலை கட்டி, ஒருத்தி வலையருகே நிற்க, இன்னொருத்தி நாய்களோடு கீழிருந்து விரட்ட வேண்டும். முதல் நாள் அம்மா வலையருகே நின்றாள். பன்றிகள் பாதி தூரம் வந்து, சட்டென்று நின்று, கரையேறிப் புதருக்குள் போய்விட்டன. இரண்டாம் நாளும் அதேதான். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் கூர்மை என்பார்கள். ஆனால் விடியலின் மங்கலில், கறுத்த புதர்களுக்கு நடுவே வெள்ளைப் புடவை அசைந்தால் எந்தக் குருட்டுக் கண்ணுக்கும் தெரியும். பொன்னம்மா மேலேறி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"இன்னா அக்கா, ஏரிக்கரைக் கொக்கு மாதிரி நின்னுக்கினு இருக்க. பன்னி உன்னக் கும்புட்டுட்டுத்தான் போவும்."

அன்று முழுக்க அம்மா துணிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் எடுத்து வாசலில் பரப்பினாள். அப்பாவின் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் இருந்தன. காய்ந்த புல்லுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை. ஆனால் அந்த மாதத்தில் காட்டுக்குள் காக்கி தெரிந்தால், ஒளிந்திருக்கிற நம்ம ஆட்களே போலீஸ் என்று நினைத்துப் பாறையை உருட்டிவிடுவார்கள். அவளுடைய கூரைப்புடவை அரக்குச் சிவப்பு. பச்சை நைலான் புடவை ஒன்று இருந்தது. நிறம் சரி, ஆனால் ஒரு தூறல் விழுந்தால் போதும், பாம்புச் சட்டை மாதிரி பளபளக்கும். அப்பாவின் கறுப்புக் கம்பளி காலைப் பனிக்கு நல்லது. பத்து மணி வெயிலில் வெந்துபோகலாம், மூன்று மணி மழையில் நனைந்தால் கன்றுக்குட்டியைத் தூக்கிச் சுமக்கிற கனம். எங்கள் மலையடிவாரத்தில் புரட்டாசி மாதத்துப் பகல் அப்படித்தான். ஒரே நாளில் மூன்று பருவமும் வந்து போகும். அதற்குத் தோதாக வேண்டுமென்றால் பருத்திதான் வேண்டும், நனைந்தாலும் சீக்கிரம் காய்வதற்கு. அவளிடம் இருந்த பருத்தி அந்த இரண்டு வெள்ளைப் புடவைதான்.

அப்போதுதான் அவள் பார்வை மூலையில் கிடந்த வலையின் மேல் விழுந்தது. வலை மழையில் அழுகாமலும் பன்றி கண்ணுக்குத் தெரியாமலும் இருப்பதற்காக அதைக் கடுக்காயிலும் துரு நீரிலும் முக்கி எடுப்பார்கள். நனைந்த பாறையின் நிறம் அதற்கு.

"வலைக்கு ஆவுறது புடவைக்கு ஆவாதா?" என்றாள் அம்மா.

பொன்னம்மா வலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஆவும் அக்கா. உங்க ஊருக்குத்தான் ஆவாது."

"ஊரா வந்து கெழங்க நட்டுச்சி? நீ கடுக்காய எடு."

எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்பதைவிட வெட்கம் என்பதே சரி. தெருவில் என்ன சொல்வார்கள், பள்ளிக்கூடம் திறந்தால் பெண்பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் நினைத்து, "வேணாம்மா, கொல்லை போனா போவட்டும்" என்று அழுதேன். அம்மா என்னை அடிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வேப்பங்குச்சியை என் கையில் கொடுத்து, "அடியில புடிக்காம பொரட்டு" என்றாள். பழைய ஏர்க்கொழுவையும் ஆணிகளையும் புளித்த கஞ்சியில் ஊறப்போட்டிருந்த பானையொன்றைப் பொன்னம்மா தன் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தாள். கடுக்காய்ச் சாற்றில் வெள்ளை முதலில் மங்கிய மஞ்சளானது. துரு நீரை ஊற்றியதும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடியிலிருந்து இருட்டு ஏறுகிற மாதிரி நிறம் ஏறியது. பிழிந்து உலர்த்தியபோது அது சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை. எங்கள் மலையில் மழை பெய்து ஓய்ந்ததும் பாறைகள் என்ன நிறமோ அந்த நிறம். என் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை அதே நிறம். அது போக ஒரு மாதமானது.

மறுநாள் விடியலில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் தனியாக விட்டுப்போகப் பயந்து, ஓடைக்கரையில் ஒரு புங்கமரத்தில் ஏறி உட்காரச் சொன்னார்கள். அம்மா புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். மேலே அப்பாவின் பழைய கறுப்புப் பனியன். தலையில் மடித்துக் கவிழ்த்த கோணிப்பை. பனி மூட்டமாக இருந்தது. அவள் ஓடைக்குள் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு முறை கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவளைக் காணவில்லை. பாறைகள் இருந்தன, புதர்கள் இருந்தன, என் அம்மா இல்லை. அப்பாவும் இப்படித்தான் கிணற்றுக்குள் இறங்கி மறைந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. கத்தியிருப்பேன், அதற்குள் கீழே நாய்கள் குரைத்தன.

பன்றிகள் வந்தன. முன்னால் வந்தது பெரிய ஆண். இந்த முறை நடுவழியில் நிற்கவில்லை. நேராக வந்தது. நான் பாறை என்று நினைத்திருந்த ஒன்றை மூன்று முழம் தள்ளிக் கடந்து, வலைக்குள் தலையைக் கொடுத்தது. அந்தப் பாறை எழுந்தது. அதற்கு மேல் நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பன்றியின் கோரைப் பல் அம்மாவின் கெண்டைக்கால் சதையைக் கிழித்தது என்பதையும், அவள் ஈட்டியை விடவில்லை என்பதையும் சொன்னால் போதும். பொன்னம்மா நாய்களோடு ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அம்மா கரையில் உட்கார்ந்து காலில் துணி சுற்றிக்கொண்டு, மரத்தில் இருந்த என்னைப் பார்த்து, "எறங்கி வா, வழுக்கும், பாத்து" என்றாள்.

கறியை வேட்டை வழக்கப்படி எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டோம். புரட்டாசி என்று அதுவரை கவிச்சி தொடாத வீடுகளும் சட்டியை நீட்டின. மலையில் ஒளிந்திருந்தவர்களுக்கு ஒரு கூடை நிறைய பொன்னம்மா சுமந்துபோனாள். பெரியப்பாவும் சாப்பிட்டார். "உங்க பெரியப்பாரு எலும்பக்கூட வுடல" என்று பொன்னம்மா வந்து சொன்னாள். அம்மா அதற்குப் பிறகு இரண்டு முறை ஓடைக்குப் போனாள். பன்றிகள் எங்கள் பக்கம் வருவது நின்றது. எங்கள் கொல்லை மட்டுமல்ல, பக்கத்தில் பெரியப்பாவின் கொல்லையும் தப்பியது.

ஒரு மாதத்தில் கெடுபிடி தளர்ந்து ஆண்கள் ஊர் திரும்பினார்கள். அதற்குள் அம்மா அந்தப் புடவையை வேட்டைக்கு மட்டுமில்லாமல் எப்போதும் கட்டத் தொடங்கியிருந்தாள். இரண்டாவது வெள்ளையும் அண்டாவுக்குள் போய்விட்டது. அழுக்குத் தெரியாது, சீக்கிரம் காயும், எதற்குத் திரும்ப வெளுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஊருக்கு வேறு கணக்கு இருந்தது. கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடி அம்மாவை வரச்சொன்னது. நான் அவள் பின்னால் போனேன். பேசியவர் பெரியப்பாதான்.

"தாலி அறுத்தவ சாயம் கட்டிக்கினு ஊருக்குள்ள நடக்கறது நம்ம வழக்கத்துல உண்டா? ஆபத்துக்குக் கட்டின, சரி. இப்ப இன்னா? அந்தப் புடவைங்கள அம்மன் எதிர்ல நெருப்புல போட்டுட்டு, பழையபடி வெள்ளை கட்டிக்க."

அம்மா கிழிந்த கால் இன்னும் ஆறாமல், ஒரு காலில் சாய்ந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளையோட ரெண்டு நாளு நின்னேங்க மாமா. பன்னி திரும்பிப் போயிடுச்சி. கறி துன்னும்போது இன்னா கலரு கட்டிக்கினு புடிச்சன்னு நீங்களும் கேக்கல, யாரும் கேக்கல."

கூட்டத்தில் யாரோ அதட்டினார்கள். அவள் பெரியப்பாவை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"எங்களுக்கு இது வோணும்னு ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு கேட்டீங்க. நியாயம்னுதான் நானும் கூழு கரைச்சிக் குடுத்தேன். நான் யாரு ரோட்டயும் மறிக்கல, யாரு மரத்தயும் வெட்டல. என் புடவய என் வூட்டு அண்டாவுல முக்கினேன். இத நெருப்புல போட மாட்டேங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். நொண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எனக்கு அதுவரை இருந்த வெட்கம் அந்த வேப்பமரத்தடியிலேயே விழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததும், "கையில இன்னாடி கருப்பு?" என்று கேட்டவர்களிடம், "எங்கம்மா புடவைக்குச் சாயம் போட்டேன்" என்று நானாகவே சொன்னேன்.

அம்மா மறுத்ததற்கான தண்டனையை ஊர் தாராளமாகவே கொடுத்தது. எங்கள் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது என்றாயிற்று. தை மாதம் நான் பெரியவளானேன். மாமன் மட்டும் எலவனாசூர்கோட்டையிலிருந்து சீர்த்தட்டோடு வந்தார். தண்ணீர் ஊற்ற ஐந்து சுமங்கலிகள் வேண்டும். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. மாமன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். மலையிலிருந்து சாமை மாவும் தேனும் கொண்டுவந்திருந்த பொன்னம்மா, "நான் ஒருத்தி இருக்கேன்ல" என்று முதல் சொம்பை ஊற்றினாள். இரண்டாவது சொம்பை அம்மா எடுத்தாள். தாலி இல்லாத கை அதைத் தொடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். "நீ வேணாம் தங்கச்சி" என்று மாமனே தடுத்தார். "நான் பெத்தது, நான் ஊத்தறேன்" என்று சொல்லி, மீதி நான்கு சொம்பையும் அவளே என் தலையில் ஊற்றினாள். அன்று ஊற்றிய தண்ணீரால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை என்பதை, இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தக் கட்டுப்பாட்டை முதலில் உடைத்தது யார் தெரியுமா? பெரியப்பாவின் சொந்தத் தங்கை, என் ராசாத்தி அத்தை. பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து அண்ணன் வீட்டிலேயே இருந்தவள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், தெருவே பார்க்க, வெள்ளைப் புடவை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அண்ணி, எனக்கும் முக்கிக் குடு."

"நீயும் வேட்டைக்கு வரியாடி?" என்றாள் அம்மா.

"நான் எங்க வரப்போறேன். பன்னியப் பாத்தாலே எனக்கு மூத்திரம் வந்துடும். எனக்கு இந்த வெள்ளை வேணாம் அண்ணி, அவ்ளோதான்."

சாயம் போட்ட புடவையோடு அத்தை அண்ணன் வீட்டுக்குத் திரும்பியபோது பெரியப்பா வாசலில்தான் இருந்தாராம். பார்த்தாராம். எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாராம். அம்மாவை ஊரைக் கூட்டி விசாரித்தவரால், தன் வீட்டுக்குள் தன் தங்கையை எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை போலும். அதற்குப் பிறகு ஊரில் வெள்ளை கட்டியிருந்த மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எங்கள் அண்டா அந்தக் கோடை முழுக்க அடுப்பைவிட்டு இறங்கவில்லை.

அந்தப் போராட்டம் வென்ற இட ஒதுக்கீட்டில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. அதற்காக மலையில் பட்டினி கிடந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் நன்றி என்பது வாயை மூடிக்கொள்வது இல்லை. கேட்காமல் எதுவும் கிடைக்காது என்று மேடையேறிச் சொன்ன மனிதர், ஒருத்தி கேட்காமலே எடுத்துக்கொண்டபோது நெருப்பில் போடு என்றார். இரண்டும் ஒரே வாயில் வந்தவை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இன்று ஓடையில் தண்ணீர் வருவது அபூர்வம். வலை இல்லை, ஈட்டி இல்லை. பன்றிகள் மட்டும் இருக்கின்றன, எங்கள் கொல்லைக்கு இப்போது கம்பி வேலி. பொன்னம்மா போய்விட்டாள். அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை என்று இஷ்டத்துக்குக் கட்டுகிறாள். பழைய நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் போனதற்கெல்லாம் பெருமூச்சு விடுவார்கள். எனக்குப் பெருமூச்சு எதுவும் வரவில்லை. சிலது போனது நல்லதுக்குத்தான்.

போன மாதம் எங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். பழைய காலத்துக் கதை. ஒரு மாணவிக்குக் கரையில்லாத வெள்ளைப் புடவை வேண்டியிருந்தது. விற்பனைப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், இந்தப் பக்கத்துப் பெண்தான். மூன்று மாடியும் ஏறி இறங்கித் தேடிவிட்டு, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ப்ளெயின் வெள்ளை இல்லைங்க டீச்சர். யாரும் கேக்கறதே இல்ல. நர்ஸ் வேஷத்துக்குங்களா?"

"இல்லம்மா."

"அப்ப யாருங்க டீச்சர் அதக் கட்டுவாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"யாரும் கட்ட மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.